எது லிமிடெட், பெயின்ட்டா இன்ஜினா? ஸ்பெஷல் ஸ்போர்ட் பைக் வாங்கி ஓட்டப் போகிறவர்களுக்கு

லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட் பைக் வாங்கப் போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அதில் எது லிமிடெட், பெயின்ட்டா, இன்ஜினா? பாதிப் பேர் இந்தக் கேள்வியையே யோசித்திருக்க மாட்டார்கள். சில வண்டிகளில் டேங்க் மேலே ‘இத்தனையில் இத்தனையாவது’ என்று ஒரு நம்பர் இருக்கும், அதைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் வேறு எதுவும் கண்ணில் படாது.

நல்ல உதாரணம் நம் ஓசூரிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 165 ஆர்பி என்று ஒரு வண்டியை விட்டது. ஆர்பி என்றால் ரேஸ் பெர்ஃபார்மன்ஸ். மொத்தமே 200 வண்டிகள், எக்ஸ்-ஷோரூம் விலை 1.45 லட்சம். தூரத்திலிருந்து பார்த்தால் அப்பாச்சி 160 4வி-க்கு ரேசிங் ஸ்டிக்கரும் சிவப்பு வீலும் போட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே வேறு கதை. அப்போதைய 160 4வி-யில் 159.7 சிசி, 9,250 ஆர்பிஎம்-ல் (இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 17.63 பிஎஸ் (குதிரைத்திறன்). ஆர்பி-யில் 164.9 சிசி, 10,000 ஆர்பிஎம்-ல் 19.2 பிஎஸ். சிலிண்டர் ஹெட்டே புதிது, வால்வுகள் 15 சதவீதம் பெரியவை, பின்னால் 240 மில்லிமீட்டர் டிஸ்க். இது இன்ஜின் லிமிடெட்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வாங்குகிறவர் பலரும் அதைக் கவனிப்பதில்லை. டார்க்கை, அதாவது இழுவையைப் பாருங்கள். சாதாரண 160-ல் 7,250 ஆர்பிஎம்-லேயே 14.73 என்எம் கிடைத்துவிடும். ஆர்பி-யில் 14.2 என்எம், அதுவும் 8,750-ல். அதாவது அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வண்டியில் இழுவை கொஞ்சம் குறைவு, அந்த இழுவையும் மேலே போனால்தான் வரும். ரேஸுக்குச் செய்த இன்ஜின் அப்படித்தான் இருக்கும். கிண்டி மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் 30-ல் போய்க்கொண்டிருக்கும்போது சாதாரண வண்டி சொன்னபடி கேட்கும், இது ‘கியரைக் குறை’ என்று சொல்லும். அந்த 10,000 ஆர்பிஎம்-ஐ எங்கே போய்த் தேடப் போகிறோம் என்ற கேள்விதான் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பதில் முக்கியமான கேள்வி. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொரு வகை, பெயின்ட் லிமிடெட். அப்பாச்சியின் 20 வருடத்தையொட்டி 2025-ல் வந்த கருப்பு-தங்க நிறப் பதிப்புகளில் இன்ஜின் அந்தந்த மாடலில் இருப்பதேதான். ராயல் என்ஃபீல்டு தன் 120-வது ஆண்டுக்கு 2021-ல் கான்டினென்டல் ஜிடி 650, இன்டர்செப்டர் 650 இரண்டிலும் சேர்த்து உலகத்துக்கே 480 வண்டிகள்தான் செய்தது, அதில் இந்தியாவுக்கு 120. அதிலும் 648 சிசி இன்ஜின் மாறவில்லை, ஆனால் கையால் வரைந்த கோடுகள், கோயில் சிலை செய்யும் கைவினைஞர்கள் செய்த பித்தளைச் சின்னம் என்று வேலைப்பாடு இருந்தது. பெயின்ட்டுக்காக வாங்குவது தப்பே இல்லை. அழகுக்குக் காசு கொடுப்பது மனிதர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். ஆனால் பெயின்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். சாதாரண மாடலின் விலையையும் இதன் விலையையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். வரும் தொகையை வேறு எங்கே செலவு செய்திருக்கலாம் என்று ஒரு நாள் யோசியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் வாங்குங்கள்.

புதிதாக வாங்குவதானால்

நான் சொன்ன அந்த 120 ராயல் என்ஃபீல்டு வண்டிகளும் ஆன்லைனில் 120 விநாடிகளில் தீர்ந்துபோயின. இரண்டு நிமிடம். இந்த வேகத்தில் யாராலும் யோசிக்க முடியாது, அதனால் யோசனையை எல்லாம் விற்பனைக்கு முந்தின வாரமே முடித்துவிட வேண்டும். சாதாரண மாடலை ஷோரூமில் டெஸ்ட் ரைடு எடுங்கள். லிமிடெட் எடிஷனுக்கு டெஸ்ட் வண்டி பெரும்பாலும் இருக்காது, ஆனால் உட்காரும் விதம், சீட் உயரம், ஹேண்டில்பார் எட்டும் தூரம் எல்லாம் அநேகமாக ஒன்றுதான். பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரம் கேளுங்கள், டிராஃபிக்கில் ஓட்டுங்கள். மணிக்கட்டும் கழுத்தும் பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லாது.

ஆன்-ரோடு கணக்கை நீங்களே போடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அதனால் 312 சிசி வண்டிக்கும் 400 சிசி வண்டிக்கும் இடையில் விலை முன்பைவிட நன்றாகவே விலகிப் போய்விட்டது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 3 லட்ச ரூபாய் வண்டிக்கு அதுவே 36,000. இதற்கு மேல் இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன். ‘எனக்குத் தெரிந்த இடத்தில் ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், மேலே ஒரு 25,000 கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் தயவுசெய்து நகர்ந்துவிடுங்கள். பில்லில் வராத பணம் நாளைக்கு எந்தக் கணக்கிலும் வராது.

இன்சூரன்ஸில்தான் லிமிடெட் எடிஷன்காரர்கள் அதிகம் அடி வாங்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி தொலைந்துபோனால் கிடைப்பது ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வைத்திருக்கும் மதிப்பு. அது கம்பெனியின் பட்டியல் விலையிலிருந்து வருடத்துக்கு வருடம் தேய்மானம் கழித்து வருவது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30. உலகத்திலேயே 200 வண்டிதான் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. விபத்தில் உடைந்த பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், ஸ்போர்ட் பைக்கில் வெளியே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக். அதனால் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப்ரிஸியேஷன் கண்டிப்பாக வேண்டும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கிடைத்தால் அதையும் போடுங்கள், திருடு போனால் பில் தொகையைக் கேட்க அது ஒன்றுதான் வழி. புது வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம் சேர்ந்து வரும், ஆனால் சொந்த வண்டிக்கான பகுதியை வருடா வருடம் நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்து இரண்டாவது வருடம் விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெலிவரி எடுக்கும் முன், அதாவது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன், வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேட் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஸ்டிக்கர் ஓரங்கள் தூக்கியிருக்கிறதா, டயர் எந்த வாரம் செய்தது என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 1425 என்றால் 2025-ன் 14-வது வாரம். அப்புறம் அதே ஷோரூமில் ஒரு கேள்வி: இந்த எடிஷனுக்கு மட்டும் உள்ள பேனல்களின் பார்ட் நம்பர் என்ன, இப்போது ஆர்டர் போட்டால் வருமா? வரும் என்றால் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், இண்டிகேட்டர், இரண்டு பக்க பேனல் இவற்றை முதல் வருடத்துக்குள் வாங்கி வீட்டில் வையுங்கள். கம்பெனி பார்ட்ஸ் செய்துகொண்டிருக்கும்போது கிடைப்பது எளிது. நாலு வருடம் கழித்து ஒரு பேனலுக்காக ஊர் ஊராகத் தேடுவது வேதனையான வேலை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால்

165 ஆர்பி மாதிரி வண்டிக்கு இது ஒன்றுதான் வழி. இங்கே பொறுமைக்குத்தான் விலை.

விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனதும் முதலில் இன்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஆனால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். வால்வு, செயின் டென்ஷனர் சத்தம் எல்லாம் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகக் கேட்கும்.

சேலம் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். படத்தில் அவ்வளவு அழகு. நேரில் பார்த்தாலும் அழகுதான். கீழே விழவே இல்லை என்று சொன்னார். இடது ஹேண்டில் முனையில் இருந்த பார்-எண்டு புத்தம் புதிதாக மின்னியது, வலது பக்கத்தில் இருந்தது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பி, கழுத்துப் பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் போய் இடித்து நிற்கும் அந்தச் சின்ன முனை, ஸ்டீயரிங் ஸ்டாப் என்பார்கள், நசுங்கிப் போயிருந்தது. சும்மா நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் அது நசுங்காது. ஓட்டத்தில் நல்ல அடி பட்டிருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பேனலை மாற்றலாம், லீவரை மாற்றலாம், அந்த முனையை யாரும் மாற்றுவதில்லை. அதனால் எங்கே போனாலும் முதலில் அங்கே பாருங்கள்.

அதோடு ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, ஃபுட் பெக் நுனியில் தேய்மானம், சைலன்சர் அடியில் கீறல், செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்போர்ட் பைக்குக்கே உரிய இன்னொன்று: பிரேக் கேலிப்பர், ஆயில் வடிக்கும் போல்ட்டுகளின் தலையில் ஊசி நுழையும் அளவு துளை போட்டிருந்தால் அது ரேஸ் டிராக்கில் ஓடிய வண்டி. போல்ட் கழன்று விழாமல் இருக்கக் கம்பி கட்டுவதற்காகப் போடும் துளை அது. டிராக்கில் ஓடியது குற்றமில்லை, நன்றாகப் பராமரித்த டிராக் வண்டிகள் உண்டு, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

நிஜமான எடிஷன்தானா என்பது அடுத்த கேள்வி. ஸ்டிக்கரும் வீல் பெயின்ட்டும் எந்த ஊரிலும் செய்துவிடலாம். ஆர்சி-யில் உள்ள மாடல் பெயர், சிசி, நிறம் மூன்றையும் பாருங்கள். 165 ஆர்பி என்றால் ஆர்சி-யில் 160 என்று வரக் கூடாது. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். முதல் பில்லின் நகல் இருந்தால் அதுவே பெரிய சான்று. அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். கடன் முடிந்திருந்தால் பேங்க் என்ஓசி-யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) ஃபாரம் 35-ம் வேண்டும், பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. கர்நாடகா, கேரளா வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓ-விடமிருந்து ஃபாரம் 28 என்ஓசி வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டித்தான் டிஎன் நம்பர் வாங்க முடியும். அந்தத் தொகையைப் பேரத்திலேயே கழித்துப் பேசுங்கள். சைலன்சர் மாற்றியிருந்தால் ஒரிஜினல் சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். அது இல்லாத வண்டியை நான் வாங்க மாட்டேன். ரேஸ் சைலன்சர் ரோட்டில் சட்டப்படி செல்லாது, மதிப்பும் போய்விடும், தெருவில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி போய்விடும்.

ஓட்டும் முன் உடம்புக்கு

வண்டிக்கு ஒதுக்கும் பணத்திலேயே ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், பூட்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். வண்டி வாங்கியதும் காசு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வாங்குகிறேன் என்றால் வண்டியையும் அடுத்த மாதமே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி வேண்டும், ஐரோப்பாவின் இசிஇ 22.06 சான்றும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. போட்டதும் கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, ஸ்ட்ராப் போட்டபின் பின்பக்கத்திலிருந்து தூக்கினால் கழன்று வரக் கூடாது. ஒரு முறை விழுந்து அடி பட்டுவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். நம் வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட் போதும், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் பாதுகாப்புத் தகடு இருந்தால் சரி. நம் ஊரில் எல்லாரும் மறப்பது காலை. ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு காலில் செருப்போடு ஈசிஆரில் போகிறவர்களை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். வண்டி சாயும்போது முதலில் அடியில் மாட்டுவது கணுக்கால். கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் ஸ்போர்ட் பைக்கில் ஏறாதீர்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது டயரில் வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை அதிகம் சாய்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வளைவைக் கூட்டிக்கொண்டு போங்கள். புது பிரேக் பேடும் டிஸ்க்கும் பழகவும் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை முன்னால் போகிற வண்டிக்குக் கூடுதல் இடைவெளி. கையேட்டில் சொல்லியிருக்கும் ஆர்பிஎம் எல்லையை முதல் சர்வீஸ் வரை மீறாதீர்கள், அதற்காக ஒரே ஆர்பிஎம்-ல் ஹைவேயில் மணிக்கணக்கில் போகவும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

இந்த நாட்களில் வண்டியோடு உடம்பும் பழக வேண்டும். ஸ்போர்ட் பைக்கில் முன்னால் சாய்ந்திருப்போம், உடம்பு எடை மணிக்கட்டில் இறங்கினால் பத்தே நிமிடத்தில் கை மரத்துவிடும், மரத்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. முட்டியால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றால் உடம்பைத் தாங்கி, கை இரண்டும் தளர்வாக இருக்க வேண்டும். முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி ஆட்ட முடிகிறதா என்று ஓட்டும்போதே பாருங்கள். ஆட்ட முடியாவிட்டால் கையில் எடை இருக்கிறது.

பிரேக்கைத் தனியாகப் பழகுங்கள். காலையில் ஆளில்லாத மைதானமோ, இன்னும் வீடு வராத லேஅவுட் ரோடோ பார்த்து 30-லிருந்து, அப்புறம் 40, அப்புறம் 60-லிருந்து நிறுத்திப் பழகுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, முதலில் மெதுவாக, முன் சஸ்பென்ஷன் இறங்கியதும் பலமாக. நம்மில் பாதிப் பேர் சிறுவயதில் சைக்கிளில் முன் பிரேக் பிடித்து விழுந்த பயத்திலேயே பின் பிரேக்கில் காலம் ஓட்டுகிறோம். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். அந்தத் துடிப்பை ஒரு முறையாவது மைதானத்தில் உணர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிஜமான அவசரத்தில் பயந்து கையை விட்டுவிடுவீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 100-ல் போகும்போது ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். எதிரே எதையோ பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 28 மீட்டர் காலி. அதற்குப் பிறகு நல்ல ரோட்டில், நல்ல டயரில், பழகிய கை பிடித்தால்கூட நிற்க இன்னும் 50 மீட்டராவது வேண்டும். 50-ல் போனால் அந்த 50 மீட்டர் 13 மீட்டருக்குள் வந்துவிடும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசி. ஹைவே நடுவில் ஒரு மாடு நின்றால் இந்தக் கணக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

நம் ரோட்டில்

ரைடிங் மோடு உள்ள வண்டி என்றால், உதாரணத்துக்கு அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் அர்பன், ரெயின், ஸ்போர்ட், டிராக் என்று நாலு உண்டு, முதல் மாதம் முழுக்க மழை இல்லாவிட்டாலும் இன்ஜின் பலத்தை அடக்கித் தரும் ரெயினில் ஓட்டுங்கள். அதில் யாருக்கும் கௌரவம் குறையாது.

மாலை மழையின் முதல் பத்து நிமிடம் ரோட்டில் உள்ள எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும், அப்போது ஒரு டீக்கடையில் ஒதுங்குவதுதான் புத்தி. வெள்ளைக் கோடு, மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, பாதாளச் சாக்கடை மூடி, இவற்றின் மேல் வண்டி நேராக இருக்க வேண்டும், சாய்ந்திருக்கக் கூடாது. ஊர் பெயர்ப் பலகை தெரிந்தாலே வேகத்தடை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள். ராத்திரி கரும்பு டிராக்டருக்குப் பின்னால் விளக்கு இருக்காது. அதனால் இந்த வண்டியில் ராத்திரிப் பயணமே வேண்டாம் என்பது என் கட்சி.

மலைக்குப் போகத்தான் எல்லாரும் இந்த மாதிரி வண்டி வாங்குகிறார்கள். நேராகக் கொல்லிமலைக்குப் போகாதீர்கள், அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. முதலில் 14 வளைவுள்ள ஏலகிரி, அப்புறம் 40 வளைவுள்ள வால்பாறை, கை பழகியபின் கொல்லிமலை. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, அப்புறம் கண்ணை வளைவு முடிகிற இடத்துக்கு அனுப்புங்கள், கண் போகிற பக்கம் வண்டி போகும். இடது வளைவில் ஓரத்து மணலும் சரளையும் எதிரி. வலது வளைவில் வேறு ஆபத்து: டயர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் வண்டி சாயும்போது உங்கள் தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அங்கேதான் அரசுப் பேருந்து வளைந்து இறங்கி வரும். அதனால் வலது வளைவில் டயரை இடது பக்கத்துக்குள்ளேயே நன்றாகத் தள்ளி வையுங்கள். ரேஸில் பார்க்கிற மாதிரி ரோடு முழுவதையும் எடுத்து வளைப்பதற்கு எதிரே யாரும் வராத இடம் வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு குறையும்.

இன்னொன்று. ‘மச்சான் ஒரு ரவுண்டு’ என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அவருக்குப் பழகாத கிளட்ச், பழகாத பிரேக், மேலே ஏறினால்தான் இழுக்கிற இன்ஜின், காலில் செருப்பு. வருத்தப்பட்டால் படட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அந்த 10,000 ஆர்பிஎம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பலம் முழுவதும் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரின் மேல் முனையில் இருக்கிறது, அதைத் தொடாமலேயே இருக்க யாராலும் முடியாது, தொட வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அதற்கு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக், 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். எதிரே பஸ் கிடையாது, நாய் கிடையாது, விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும். இங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளில் ஒரு நாள் உட்கார்ந்தால் ரோட்டில் ஐந்து வருடத்தில் வராத பிரேக்கும் கண்ணும் வந்துவிடும். சைலன்சருக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள்.

ஆனால் முதல் பயிற்சிக்கு உங்கள் லிமிடெட் எடிஷனைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை, டிராக்கில் விழுந்து உடைந்தால் ஒரு ரூபாய் வராது, பேனலும் கிடைக்காது. வண்டியும் லெதர் சூட்டும் அவர்களே தரும் பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. விழுந்துவிடுவோமோ என்ற கவலை இல்லாதவர்தான் அங்கே கற்றுக்கொள்கிறார். இரண்டு மூன்று முறை போன பிறகு, சாய்க்கும்போது கை நடுங்காத நாள் ஒன்று வரும், அன்றைக்கு உங்கள் வண்டியைக் கொண்டுபோங்கள்.

மற்ற ஞாயிறுகளில், விடியுமுன் எழுந்து, இரண்டு டயரிலும் காற்று குளிர்ந்திருக்கும்போதே கையேட்டில் சொன்ன அளவு இருக்கிறதா என்று பாருங்கள், செயின் தொய்வைப் பாருங்கள், விளக்கு, பிரேக். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், டிராஃபிக்கும் வெயிலும் அதற்குப் பிறகுதான். வந்ததும் செயின் சூடாக இருக்கும்போதே செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடித்துவிடுங்கள், ஆறிய செயினில் அது சரியாக உள்ளே இறங்காது. மேட் பெயின்ட் என்றால் ஈரத் துணி, அப்புறம் காய்ந்த மைக்ரோஃபைபர், வேறு எதுவும் வேண்டாம். இன்ஜின் ஆறும்வரை கவர் போடாதீர்கள்.